ஏப்ரல் வெயிலில் பச்சை மண்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. கோடை விடுமுறையில் அங்கே பெரியவர்களுக்கென்று கைவினை வகுப்புகள் நடத்துகிறோம். எந்த நாளில் எந்த வகுப்பு என்று அட்டவணை போடும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. இந்த வேலைக்கு ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எது எவ்வளவு நேரத்தில் காயும் என்று தெரிந்திருந்தால் போதும். வண்ணம் காய வேண்டும், கோந்து காய வேண்டும், மண் காய வேண்டும். ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், காய வைக்க இடமும் இடைவெளியும் விடாத வகுப்பு பாதியில் கலைந்துவிடும். பிள்ளைகளுக்கு இந்தக் கவலை கிடையாது. ஈரக் காகிதத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களோ, கையால் செய்ததை முழுசாகக் கண்ணால் பார்க்காமல் அடுத்ததைத் தொடமாட்டார்கள்.

காலை முழுவதும் கூடம் பிள்ளைகள் முகாமுக்குத்தான். மதியம் அவர்கள் போன பிறகு, தரையில் ஒட்டிக்கிடக்கும் ஜிகினாவைப் பெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், மிச்சம் இருக்கும் நேரம் பெரியவர்களுடையது. வார நாட்களில் மூன்று மணிக்கு மேல் வருபவர்கள் ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும். பேரனை முகாமில் விட வந்து, பலகையில் அறிவிப்பைப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. சனி, ஞாயிறுகளில் ஐ.டி. வேலைக்காரர்கள். வார நாள்காரர்கள் தொடர்ந்து வருவார்கள், ஆனால் ஐந்தரைக்கெல்லாம் விளக்கேற்றப் போய்விட வேண்டும். வார இறுதிக்காரர்கள் இருட்டும் வரை இருப்பார்கள், ஆனால் அடுத்த வாரம் வருவார்களா என்பது அவர்களுடைய மேலாளருக்குத்தான் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கைவினையை வைத்தால் சரிப்படாது.

என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டால் நம்மவர்களில் பாதிப் பேர் தஞ்சாவூர் ஓவியம் என்பார்கள். ஜனவரியில் கர்நாடக சித்ரகலா பரிஷத் குமாரகிருபா சாலையில் நடத்தும் சித்திரச் சந்தைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தச் சந்தையில் ஒரு குழந்தைக் கண்ணன் படத்தின் விலையைக் கேட்டுவிட்டு, இதை நாமே செய்துவிடலாமே என்று கிளம்பி வருபவர்கள். செய்யலாம்தான். ஆனால் பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி மறுபடி தேய்த்து முடிப்பதற்குள்ளேயே பல நாள் ஓடிவிடும். அதுவரை ஒரு கோடுகூடப் போட்டிருக்கமாட்டோம். பிறகு கல் பதிக்க வேண்டும், மக்கு வைத்து மேடு எழுப்ப வேண்டும். மக்கு என்பது சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்த பசை. ஒரேயடியாகக் கனமாக வைத்து வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் மறுநாள் அதில் வெடிப்பு ஓடியிருக்கும். மெல்லிசாக, அடுக்கடுக்காக, நிழலில்தான் காய வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; தங்க ரேக்கு ஒட்டும் நாள் இருக்கிறதே, அதுதான் சோதனை. ரேக்கு என்பது மிக மெல்லிய தங்கத் தகடு, மூச்சுக்காற்றுக்கே படபடக்கும். மின்விசிறி ஓடினால் அடுத்த மேசைக்காரரின் முழங்கையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஏப்ரல் மாத மதியம் மூன்றரை மணிக்கு, ஜன்னலையும் சாத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் வியர்வை படத்தில் சொட்டாமல் குனிந்திருக்க வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அந்தக் காலத்தில் இங்கே வீடுகளில் மின்விசிறியே கிடையாது என்று பழையவர்கள் பெருமை பேசுவார்கள். 2016 ஏப்ரலில் வெயில் 39 டிகிரியைத் தாண்டிய பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கிவிட்டது. எங்கள் ஆசிரியை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே காவல் நிற்பார். ஓர் அம்மாள், "ஒரே ஒரு நிமிஷம் போடுங்கள் டீச்சர், எல்லோரும் கையால் மூடிக்கொள்கிறோம்" என்று கெஞ்சுவார்.

இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது. பூச்சு முடிந்த பலகையை மொத்தமாக வாங்கிவிடுகிறோம். அளவு எட்டுக்குப் பத்து அங்குலத்துக்கு மேல் கிடையாது. ரேக்கு ஒட்டும் நாள் மட்டும் வகுப்பு காலை ஏழு மணிக்கு. பிள்ளைகள் வருவதற்குள் முடித்துவிடலாம், காற்றும் குளிர்ச்சியாக இருக்கும். பலகையைத் தானே தயார் செய்தால்தான் அது கலை என்று வாதாடுபவர்களைத் தனி வகுப்பு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மே மாதத்துக்குள் படம்தான் இருக்காது.

மண் வேலை வார இறுதிக்காரர்களுக்கு. கன்டோன்மென்ட் பக்கம் பாட்டரி டவுன் என்று ஓர் இடம் உண்டு. தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக அகலும் பானையும் பிள்ளையாரும் செய்துவருகிறார்கள். எங்கள் ஆசிரியரும் அங்கிருந்து வருபவர்தான். முதல் நாள் "மாஸ்டர்" என்று ஆரம்பித்த கூட்டம் இரண்டாம் நாளே "அண்ணா"வுக்கு மாறிவிட்டது, அவரைவிட இருபது வயது மூத்தவர்கள் உட்பட.

வருகிற எல்லோருக்கும் சக்கரத்தில் உட்கார ஆசை. அண்ணா ஒரு சக்கரம் கொண்டுவருவார், ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க விடுவார், அத்தோடு சரி. மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கே வாரக்கணக்கில் கை பழக வேண்டும். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் வரிசையில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் வகுப்பாகாது. ஆகவே கையாலேயே வனைவது: உருட்டித் திரித்த மண்கயிற்றை அடுக்கிச் சின்னத் தொட்டி, அல்லது மண்ணைத் தட்டையாகத் தேய்த்து வெட்டிப் பெயர்ப்பலகை, சுவரில் மாட்டும் விளக்கு மாடம். ஓர் ஆளுக்கு இரண்டு கிலோ மண் தாராளம்.

தட்டையாகத் தேய்ப்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். சப்பாத்தி இடும் கைப்பழக்கத்தில் ஓரத்தை மெலிதாக்கி நடுவைத் தடிமனாக விட்டுவிடுவார்கள். இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஆசிரியர் அல்ல, வகுப்புக்கு வந்த ஒரு பெரியவர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக, அதாவது கடைசல் இயந்திரம் ஓட்டுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் முழுவதும் மண்ணைத் தொடாமல் மற்றவர்கள் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு மஞ்சள் பையிலிருந்து ஒரே தடிமனுள்ள இரண்டு ரீப்பர் கட்டைகளையும், ஓர் அடி நீளப் பிவிசி குழாய்த் துண்டையும் எடுத்து வைத்தார். மண்ணை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ரீப்பரைப் போட்டு, குழாயை அவற்றின் மேல் உருட்டினார். குழாய் கட்டையைத் தொட்டதும் அதற்கு மேல் இறங்கவில்லை. "எட்டு மில்லி" என்றார். ஒரு மூலையை அறுத்துக் காட்டினார், நடுவில் அறுத்துக் காட்டினார். இரண்டும் எட்டு மில்லிதான். அதே பையில் உடைந்த ஹாக்சா பிளேடுத் துண்டுகள் இருந்தன, முனை மழுக்கி, பிடிக்கும் பக்கம் துணி சுற்றி. பல் உள்ள பக்கத்தால் மண்ணைக் கீறலாம், பல் இல்லாத பக்கத்தால் வழித்துச் சமன் செய்யலாம். கடையில் செட்டாக விற்கும் கருவிகளை நாங்கள் அதற்குப் பிறகு வாங்கவில்லை.

தடிமன் ஒரே சீராக இருப்பது அழகுக்காக இல்லை. மண் காயும்போது சுருங்கும். மெல்லிய ஓரம் முதலில் காய்ந்து சுருங்கிவிடும், தடித்த நடுப்பகுதி ஈரமாக அப்படியே நிற்கும், இரண்டும் இழுத்துக்கொள்வதில் விரிசல் விழும், அல்லது பலகை படகு மாதிரி வளைந்துகொள்ளும். பெங்களூரு ஏப்ரலில் மதியக் காற்று மிகவும் வறண்டது. சென்னையில் மண் காய இரண்டு நாள் எடுப்பது இங்கே ஒரே பொழுதில் நடந்துவிடும். சீக்கிரம் காய்கிறதே என்று புதியவர்கள் சந்தோஷப்படுவார்கள். அண்ணா மட்டும் பிளாஸ்டிக் தாளை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருவார். முதல் இரவு முழுதாக மூடி வைக்க வேண்டும். அடுத்த நாள் மேலே மட்டும் திறந்துவிட வேண்டும். கைப்பிடி, மூக்கு போன்ற மெல்லிய பாகங்களுக்கு ஈரத்துணி சுற்றி, தடித்த பாகம் எட்டிப் பிடிக்கும் வரை அவற்றைக் காக்க வைக்க வேண்டும். அடியில் செய்தித்தாள் விரிப்பது சுருங்கும்போது மண் தாராளமாக நகர்வதற்கு; பலகையோடு ஒட்டிக்கொண்டால் அடிப்பாகம் பிளக்கும்.

வாரம் ஒரு வகுப்பு என்ற வழக்கமான திட்டம் மண்ணுக்கு ஒத்துவராததும் இதனால்தான். சனிக்கிழமை வெட்டிய துண்டு ஞாயிற்றுக்கிழமை சரியான பதத்தில் இருக்கும். தூக்கினால் வளையாது, நகத்தால் கீறினால் கோடு விழும். அந்தப் பதத்தில்தான் ஒரு துண்டை இன்னொன்றோடு சேர்க்க முடியும். இரண்டு பக்கமும் கீறிவிட்டு, அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி, அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வரை விட்டால் மண் எலும்பு மாதிரி காய்ந்து இறுகிவிடும். அதில் ஈர மண்ணை ஒட்டினால் காயும்போது கழன்று விழும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வர முடியாதவர்களை மண் வகுப்பில் சேர்ப்பதில்லை என்று கறாராக வைத்திருக்கிறோம். இதற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு சூளை. எங்களுக்கென்று தனிச் சூளை கிடையாது. அண்ணாவின் சூளையில் அவருடைய பானைகளுக்கு நடுவே எங்கள் பொருள்களுக்கு ஒரு மூலை. சூளை நிறைந்தால்தான் அவர் மூட்டுவார், அந்தத் தேதி எங்கள் கையில் இல்லை. சுடுமண் ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் வேகிறது. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் 100 டிகிரியைத் தொடும்போது அது ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பொருளையே வெடிக்கச் செய்துவிடும். வெடிப்பது ஒருவருடையதாக இருந்தாலும் சிதறல் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். ஆகவே சூளைக்கு ஏற்றுவதற்கு முன் அண்ணா ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளுகுளுவென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அலமாரிக்கு. அறையின் வெதுவெதுப்பு இருந்தால் சூளைக்கு. மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கும் ஒரு பெண், தன் விளக்கு மாடத்தை அவர் கன்னத்தில் வைத்த நேரம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். "இன்னும் நாலு நாள் போகட்டும்மா" என்றார் அண்ணா. "மகள் செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள் அண்ணா" என்றார் அந்தப் பெண். அண்ணா சிரித்தாரே தவிர, மாடம் அலமாரிக்குத்தான் போனது.

சுருக்கத்தையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஈர மண் காய்ந்து வெந்து வரும்போது, மண்ணைப் பொறுத்து, பத்தில் ஒரு பங்கு வரை சிறுத்துவிடலாம். பூஜை அலமாரியில் அளவெடுத்துக்கொண்டு வந்து அதே அளவுக்குச் செய்பவர்கள் கடைசியில் ஏமாந்துபோவார்கள். டர்னர் ஐயா இதற்கும் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஏப்ரல் கடைசியில் கோடைமழை ஆரம்பித்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். காற்றில் ஈரம் ஏறி, இரண்டு நாளில் காய்ந்தது ஒரு வாரம் இழுக்கும். அவசரப்பட்டு மொட்டை மாடியில் வைக்க யாரையும் விடுவதில்லை. சுடாத மண்ணில் நாலு துளி ஆலங்கட்டி மழை விழுந்தால் மறுபடி சேறுதான்.

மண்ணைப் பகைக்கும் இதே வெயில், செதுக்கிய மரக்கட்டையால் துணியில் வண்ணம் பதிக்கும் அச்சுக்கட்டை வேலைக்கு உற்ற தோழன். அதனால் அதை வார நாள் கூட்டத்துக்கு வைத்தோம். மூன்று மணிக்கு அச்சுப் பதித்த துணி ஐந்து மணிக்குள் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும், மடித்து எடுத்துக்கொண்டு விளக்கேற்றப் போகலாம். துணியைச் சிக்பேட்டையில் மீட்டர் கணக்கில் மல்மல் என்ற மெல்லிய பருத்தியாக வாங்கி, கஞ்சி போக முன்பே துவைத்து வைத்துவிட வேண்டும். கஞ்சித் துணியில் வண்ணம் மேலேயே நின்றுகொண்டு முதல் துவைப்பில் போய்விடும். மேசைமேல் பழைய கம்பளியும் அதன்மேல் பருத்திப் போர்வையும் விரித்தால்தான் அச்சு முழுதாக விழும். வெற்று மேசையில் நடுப்பகுதி விட்டுப்போகும். வறண்ட காற்றில் கட்டையின் செதுக்கலுக்குள்ளேயே வண்ணம் இறுகிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் பேச உட்காராமல் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். புதுக் கட்டையாக இருந்தால் சில நாள் எண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் தண்ணீர் காட்டலாம், இல்லையென்றால் கட்டை வெடிக்கும். வீட்டுக்குப் போய் மறுநாள் துணியின் பின்பக்கம் நல்ல சூட்டில் இஸ்திரி போட வேண்டும், ஒரு வாரம் தண்ணீரில் போடக் கூடாது. முதல் வகுப்புக்கே பட்டுச்சேலை கொண்டுவருபவர்களுக்கு நான் கைக்குட்டை கொடுத்து உட்கார வைத்துவிடுவேன்.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு தொந்தரவு, அவர்களுடைய வாய். "எனக்குக் கை வராது", "பள்ளியில் ஓவியத்தில் முட்டைதான்" என்று சொல்லிக்கொண்டே உட்காருவார்கள். இதைச் சொல்லும் பெண்களில் பலர் மார்கழியில் இருபத்தொரு புள்ளிக் கோலத்தை அழிக்காமல், திருத்தாமல் ஒரே இழுப்பில் போடுகிறவர்கள். அதைச் சுட்டிக்காட்டினால், "அது கோலம்தானே" என்பார்கள். வாதாடிப் பயனில்லை. முதல் வகுப்பில் யாருடைய மேசையையும் சுற்றிப் பார்த்துப் பாராட்டக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவரைப் பாராட்டினால் பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் தங்கள் வேலையைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளிடம் பாராட்டுக்கு நல்ல பலன் உண்டு, இவர்களிடம் முதல் நாளிலாவது கிடையாது.

சில்லறை விஷயங்கள் சில. பிள்ளைகளின் குட்டை மேசை வேண்டாம். முட்டிவலிக்காரர்கள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். மண் வகுப்புக்கு மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். வாசிப்புக் கண்ணாடியை மறந்து வருபவர்களுக்காக ஒன்றிரண்டு கூடத்திலேயே இருக்கட்டும். நாலரை மணிக்குத் தேநீர் அவசியம், அதில் ஒரு பிளாஸ்க் சர்க்கரை இல்லாமல்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 கோடையில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால், தோட்டத்துக்கு விட்டால் ரூ.5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. களிமண் கையோடு குழாயைத் திறந்துவிட்டு நிற்க அந்த வருடம் யாருக்கும் மனம் வரவில்லை. அப்போது ஆரம்பித்த இரண்டு வாளி முறை இன்றைக்கும் தொடர்கிறது. முதல் வாளியில் கையையும் கருவியையும் அலச வேண்டும், இரண்டாவதில் சுத்தம் செய்ய வேண்டும், குழாய்ப் பக்கமே போகக் கூடாது. முதல் வாளியை இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தால் மண் அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடி மண்ணை மறுபடி பிசையலாம். தண்ணீர் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்கட்டும். கழிவுக் குழாயில் மண் இறங்கினால் கல்லாக இறுகிக்கொள்ளும், பிளம்பர் வந்து குழாயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தரையில் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரமான மாப் போட்டுத்தான் துடைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல் இன்னும் தீராத தகராறு அலமாரிதான். காய்கிற மண்ணுக்கு மூன்று வாரம் யாரும் கை வைக்காத தட்டுகள் வேண்டும். பிள்ளைகள் முகாமுக்கோ வண்ணப்பெட்டி வைக்க அதே தட்டுகள் வேண்டும். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது, சக்கரம் வைத்த இரும்பு ராக் ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. ஆனால் வெந்து வந்த பொருள்களை எடுத்துக்கொள்ளாமல் போகிறவர்களால் அந்த ராக்கும் மே மாதமே நிறைந்துவிடுகிறது. செய்யும்போது அத்தனை கெஞ்சியவர்கள் சுட்ட பிறகு தொலைபேசியில் மூன்று முறை அழைத்தாலும் வருவதில்லை. இப்போது சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ஜூன் 15க்குள் எடுத்துக்கொள்ளாத பொருள் சங்கத்துக்குச் சொந்தம். போன வருடம் அப்படித் தங்கிப்போன தொட்டிகளில் காவலாளியின் மனைவி துளசி வைத்திருக்கிறார். பெயர்ப்பலகைகளை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அடுத்தவர் பெயரை யார் வாசலில் மாட்டுவது? டர்னர் ஐயா அவற்றை இடித்துப் பொடியாக்கிச் சலித்து, அடுத்த வருட மண்ணில் கலக்கலாம் என்கிறார். சுட்ட மண் பொடி சேர்ந்தால் மண் குறைவாகச் சுருங்கும், விரிசலும் குறையும் என்று அண்ணாவும் தலையாட்டிவிட்டார். உரிமையாளர்களுக்குக் கடைசியாக ஒரு முறை தகவல் அனுப்பிவிட்டு இடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.